பிரான்சுவா கையில் இருந்த முதல் பதிப்பு

சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர் பந்தல்காரர், அடுத்தது சுடர்விழி என்று அவள் கணவன் இளம்பரிதி சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. அவள் அப்படி உடனே போவதில்லை. சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டி வாசிப்பாள். இறந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றோ, கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர் என்றோ, மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர் என்றோ போட்டிருந்தால் தெருவின் பெயரை மனதில் வைத்துக்கொள்வாள். காரியமோ முப்பதாம் நாள் பூசையோ முடிந்த பிறகுதான் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

"வீட்டுல பழைய புக்கு எதுனா கெடக்குதுங்களா? எடைக்குப் போடறதுக்கு முன்னால நான் ஒருதரம் பாத்துடறேன்."

சிலர் திட்டி அனுப்புவார்கள். சிலர் மூட்டையோடு கொடுத்து, இடம் காலியானால் போதும் என்பார்கள். மூட்டையில் பெரும்பாலும் கைடு புத்தகங்களும் சோதிடப் பஞ்சாங்கமும்தான் இருக்கும். எப்போதாவது ஒன்று இருக்கும்.

அவள் சேர்ப்பது எல்லாப் பழைய புத்தகங்களையும் அல்ல. புதுச்சேரியில் அச்சான தமிழ்ப் புத்தகம். அதிலும் முதல் பதிப்பு மட்டும். கணக்குப் பாடமானாலும் சரி, வைத்தியமானாலும் சரி, செபப்புத்தகமானாலும் சரி. முதலியார்பேட்டையில் அவர்கள் இருக்கும் வீட்டில் ஓர் இரும்பு பீரோ முழுக்க அவைதான். பூட்டித்தான் வைத்திருப்பாள்.

"படிக்கிறதுக்கு இந்த வூட்ல ஒரு புக்கு இல்ல. பூட்டி வெக்கிறதுக்கு மட்டும் பீரோ ரொம்ப இருக்குது" என்பான் இளம்பரிதி. அரசுப் பேருந்தில் நடத்துநர். பகலெல்லாம் பேசிப் பழகிய வாய்.

"நீ டிக்கெட்ட கிழிக்கிற. நானு கிழியாம வெச்சிருக்கேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்பாள் அவள்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. தன்னிடம் உள்ளவற்றில் அவள் முழுக்கப் படித்தவை குறைவு. அப்பா மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அந்த வீட்டில் நாட்காட்டியைத் தவிர அச்சடித்த பொருள் ஏதும் இருந்ததில்லை. அந்தக் குறையைத்தான் இவள் பீரோவில் நிரப்புகிறாள் என்று அவளோடு வேலை செய்யும் சிந்தியா ஒருமுறை சொன்னாள். இருக்கலாம். காரணம் தேடினால் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். அது உண்மையாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதல் பதிப்பில் ஒரு விசித்திரம் உண்டு. அது தன்னை முதல் என்று சொல்லிக்கொள்வதில்லை. அச்சிட்டவருக்கும் அது வெறும் புத்தகம்தான். இரண்டாவது வந்த பிறகுதான், 'முன்பதிப்பில் நேர்ந்த பிழைகள் களையப்பட்டன' என்று அதன் முகவுரையில் யாரோ எழுதிய பிறகுதான், முன்னது முதலாகிறது. சுடர்விழியைப் பிடித்துக்கொண்டது இதுதான். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று தெரியாமல் வெளியே வந்துவிட்ட ஒன்று. அவள் இதை இப்படிச் சொல்லத் தெரிந்தவள் அல்ல. யாராவது கேட்டால், "மொத தடவ அடிச்சதுங்க" என்பாள். கேட்டவருக்கு அது போதாது. அவளுக்குப் போதும்.

சம்பளத்துக்குச் செய்வது வேறு வேலை. கதிர்காமம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் சன்னல். சீட்டை வாங்கிப் பார்த்து மாத்திரையை எண்ணி உறையில் போட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுக்கும் வேலை. பிரான்சுவாவை அவள் பார்த்தது அந்தச் சன்னல் வழியாகத்தான்.

அவர் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக மாதம் ஒருமுறை ரெட்டியார்பாளையத்திலிருந்து வருவார். வரிசையில் நிற்கும்போது சும்மா நிற்பதில்லை. துணிப்பையிலிருந்து குண்டான ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, உதடு அசைய வாசித்துக்கொண்டே நகர்ந்து வருவார். ஒருநாள் சீட்டை நீட்டுவதற்காகப் புத்தகத்தை சன்னல் பலகையில் விரித்தபடி கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தினார். சுடர்விழி அந்த எழுத்தைப் பார்த்தாள். சீட்டைப் பார்க்கவில்லை.

"ஐயா, அந்தப் புக்க கொஞ்சம் காட்டுறீங்களா?"

"இது மருந்து இல்லம்மா. இதுக்குச் சீட்டு கெடையாது."

"மொதப் பக்கத்த மட்டும் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

பின்னால் இருந்த ஒருவர், "யம்மா, இங்க நிக்கிறவங்கல்லாம் நோயாளிங்கம்மா" என்றார். பிரான்சுவாவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திருப்பி, முதல் பக்கத்தை விரலால் பிடித்துச் சன்னல் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். கையில் தரவில்லை.

அது 'அந்திவேளைச் செபதீபம்'. சாகக் கிடக்கிறவர்களுக்கான செபங்கள் அடங்கிய நூல். அதன் இரண்டாம் பதிப்பு அவள் பீரோவில் இருந்தது. நெல்லித்தோப்பில் ஒரு பழைய பேப்பர் கடையில், அட்டையே இல்லாமல், சணல் போட்டுக் கட்டிக் கிடந்ததை எடுத்து வந்திருந்தாள். முதல் பதிப்பு அல்லாத புத்தகம் எதையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் வைத்திருந்ததற்குக் காரணம், முதல் பதிப்பை யாருமே பார்த்ததில்லை என்பதுதான். கேட்ட நூலகங்களில் இல்லை. கேட்ட பாதிரியார்களுக்குத் தெரியவில்லை. இரண்டாம் பதிப்பின் முகவுரை, அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னதோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தலைப்புப் பக்கத்தில், அதைவிடப் பதினொரு வருடம் முந்தைய ஆண்டு இருந்தது.

அன்று பிரான்சுவாவுக்கு மாத்திரை இரண்டு பங்காகப் போய்விட்டது. அடுத்த மாதம் அவரே அதைச் சொல்லிக்காட்டினார். "என்னெ சீக்கிரமா அனுப்பி வெச்சுட்டு புக்க புடுங்கிக்கலாம்னு பாத்தியா?"

அதன்பிறகு அவள் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். வாங்கவோ கேட்கவோ என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. மாத்திரை கொடுக்கிற சாக்கில் போனாள். வீட்டில் அவரும் மகன் லூர்துபிரகாஷும் மருமகளும் இருந்தார்கள். மகன் கார் விற்பனை நிலையம் ஒன்றில் வேலை. மகள் ஜூலி, கலியாணமாகிப் பிரான்சில் இருந்தாள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருதடவை வருவாள்.

புத்தகத்தைப் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது. அவருடைய அம்மா, கன்னியர் மடத்தில் வளர்ந்த அநாதைப் பெண். கலியாணமாகி வெளியே போகும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செபப்புத்தகம் கொடுத்து அனுப்புவார்கள். இவள் முறை வந்தபோது புதிது தீர்ந்துபோய், அலமாரியில் பழசாகக் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் வழக்கப்படி, ஒருவர் செத்தால் அவருடைய செபப்புத்தகத்தைக் கையில் கொடுத்து, செபமாலையைச் சுற்றித்தான் பெட்டியில் வைப்பார்கள். அம்மா செத்தது காலராவில். பெட்டியும் இல்லை, பாட்டும் இல்லை. வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. புத்தகம் தலையணைக்கு அடியில் தங்கிவிட்டது. பிரான்சுவாவுக்கு அப்போது விவரம் தெரியாத வயது.

"அவங்க கூட போயிருக்க வேண்டியது. எங்கிட்ட நின்னுபோச்சு. நான் போறப்ப எடுத்துட்டுப் போயி குடுத்துடணும்" என்றார். சந்தைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

சுடர்விழி காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

அவள் எதிர்வாதம் செய்து பார்த்தாள். இந்த ஊரிலேயே, ஒருவேளை உலகத்திலேயே, இது ஒன்றுதான் மிச்சம் என்றாள். மண்ணுக்குள் போனால் அவ்வளவுதான் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. நீ வெச்சிருந்து இன்னா பண்ணப்போற?"

"பத்திரமா வெப்பேன்."

"யாருக்கு?"

அவள் கண் புத்தகத்தின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்து அவரே இரங்கி, "வேணும்னா போட்டோ புடிச்சுக்கோ" என்றார். கையைக் கழுவிவரச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, தானே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொடுத்தார். அவள் செல்போனில் எடுத்தாள். ஒரு செபத்துக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். துணைக்கு யாருமில்லாமல் சாகிறவர்களுக்காக என்று தலைப்பிட்ட செபம். அம்மா இதைத்தான் தினமும் சொல்வாளாம், அநாதை இல்லையா என்றார். சுடர்விழி வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டாம் பதிப்பில் அந்தச் செபம் எடுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று முகவுரை சொல்லவில்லை. அடுத்தமுறை போனபோது அவரிடம் சொன்னாள்.

"அப்ப உன்னுதுல அது இல்லியா? அப்ப அது எதுக்கு ஒதவும்?" என்றார் அவர்.

எல்லாப் பக்கமும் அவள் செல்போனில் வந்துவிட்டது. ஒரு சொல் குறையாமல் அந்த நூல் அவளிடம் இருந்தது. ஆனாலும் அது அவளிடம் இல்லை. "படந்தான் எடுத்துட்டியே, அப்புறம் இன்னா?" என்று அவர் பலமுறை கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாசிப்பதற்காக என்றால் படம் போதும். வாசிப்பதற்காக இல்லையென்றால் வேறு எதற்கு? யாரோ அச்சுக்கோத்து, யாரோ மையடித்து, ஒருநாள் ஈரத்தோடு காயப்போட்ட அந்தத் தாளே வேண்டும் என்பது என்ன மாதிரி ஆசை? நம்பிக்கை உள்ளவர்கள் புனிதரின் எலும்பைத் தொட ஆசைப்படுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டா? சுடர்விழிக்கு நம்பிக்கை என்று ஒன்றும் கிடையாது. ஆசை மட்டும் இருந்தது.

ஒரு கார்த்திகையில் புயல் வந்து ரெட்டியார்பாளையம் முழங்கால் தண்ணீரில் நின்றது. நீர் வடிந்ததும் அவள் ஓடினாள். பிரான்சுவா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். புத்தகம் நனைந்துவிட்டதாம். மின்விசிறிக்கு அடியில் பக்கம் பக்கமாக உலர்த்தி, பைண்டரிடம் கொடுத்து வாங்கி வந்திருந்தார். கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று புது ரெக்சின். நடுவில் தங்க நிறத்தில் சிலுவை. பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தை நறுக்கி ஒழுங்காக்கிக் கொடுத்திருந்தார்.

"பழைய அட்ட எங்க ஐயா?"

"அது நாறிப்போச்சு. குப்பையில போட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்குப் புரியவில்லை. "இன்னாடி இது, எழவு வீடு மாதிரி. சட்ட கிழிஞ்சா மாத்தமாட்டியா நீ? பாரு, எம்மாம் அழகா இருக்குது. அம்மாக்கிட்ட குடுக்கிறப்ப கந்தலாவா குடுக்கறது?"

அவள் எதையும் பழுதுபார்ப்பதில்லை. ஒட்டமாட்டாள், தைக்கமாட்டாள், அட்டை போடமாட்டாள். வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அதனால் அவளிடம் இருந்த இரண்டாம் பதிப்பு, பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, இன்னும் அதே சணலோடு கிடந்தது. அவருடைய முதல் பதிப்போ நேற்று வாங்கியதுபோல இருந்தது.

இந்த ஆனி மாதம் பிரான்சுவாவை கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுடர்விழி பார்க்கப் போனபோது அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. சில நாளில் இறந்துபோனார். செய்தி சொன்னது லூர்துபிரகாஷ்தான். போனை வைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அக்கா, அந்தப் புக்கு விசயம். நீங்க எவ்ளோ வருசமா வந்து போறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட அதே புக்கு இன்னொண்ணு இருக்குதுன்னு அப்பா சொல்லுவாரு. அத எடுத்தாந்துடுங்க. அத அப்பா கையில வெச்சுட்டு, இத நீங்க எடுத்துக்கங்க. அதே செபந்தான? அவருக்கு இன்னா தெரியப்போவுது."

அவள் கேட்டு வந்ததல்ல. அவனாகச் சொன்னது. இதை அவள் தனக்குத்தானே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டாள். பீரோவைத் திறந்தாள். அதே செபம் இல்லை, ஒன்று குறைகிறது. அது பிரான்சுவாவுக்குத் தெரியும். இப்போது தெரியாது. இப்படி யோசித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்துத் துணிப்பையில் போட்டாள். மனசாட்சி குத்தியது என்று சொல்வதற்கில்லை. குத்தியிருந்தால் பையை எடுத்திருக்கமாட்டாள். சந்தோசமாகத்தான் இருந்தது என்று தோன்றுகிறது.

இளம்பரிதி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "புக்க மாத்தி வெக்கப்போறியா?"

"அவங்க பையனே சொல்லிட்டான்."

"செத்தவரு சொல்லலியே."

"நீ வேலைய பாரு."

"நான் ஒண்ணும் சொல்லல தாயே. கூட வரட்டா?"

"வேணாம்."

ஜூலி வரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அவள் சென்னையில் இறங்கி, காரில் வந்து, அழுது முடித்த பிறகு, பெட்டிக்கு மாற்றினார்கள். சுடர்விழி பையை லூர்துபிரகாஷிடம் கொடுத்தாள். அவன் அதை உள்ளறையில், அப்பாவின் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பூசை நேரத்தைப் பற்றிக் கேட்க ஃபாதரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. அவன் தங்கையிடம், "ஜூலி, உள்ள ரெண்டு செபப்புத்தகம் இருக்குது. ஒண்ணு அப்பா கையில வெச்சுடு. இன்னொண்ண அந்த ஆஸ்பத்திரில மருந்து குடுக்கிற அக்காகிட்ட குடுத்துடு, அவங்க பழைய புக்கு சேக்கறவங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

புத்தகத்துக்குப் புது அட்டை போட்ட பிறகு ஜூலி ஊருக்கு வரவேயில்லை. அவள் நினைவில் அப்பாவின் புத்தகம் கருப்பு அட்டை போட்டது. உள்ளே கருப்பு அட்டை போட்டது எதுவும் இல்லை. ஒன்று பளபளக்கும் ரெக்சினும் தங்கச் சிலுவையுமாக, அப்பாவின் கையில் வைக்கத் தகுந்ததாக இருந்தது. இன்னொன்று சணல் சுற்றிய கந்தல். பழைய புத்தகம் சேர்க்கிறவருக்கு எதைக் கொடுப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. கந்தலைத் துணிப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு வந்து சுடர்விழியிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பப்பா உங்களப் பத்தி போன்ல சொல்லுவாரு அக்கா. ரொம்ப பழசு இது, தொட்டாலே ஒதிருது. நீங்கதான் பாத்துக்கணும். மெர்சி அக்கா."

பையைத் திறந்து பார்க்காமலே சுடர்விழிக்குத் தெரிந்துவிட்டது. எடை தெரிந்த பை அது. பெட்டியின் பக்கம் திரும்பினாள். பிரான்சுவாவின் கோட்டுக்கு மேல், செபமாலை சுற்றிய விரல்களுக்கு நடுவில், தங்கச் சிலுவை தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஜூலி, மாறிப்போச்சு" என்றால் போதும். ஆனால் அதற்குள் பெண்கள் பாட்டெடுத்துவிட்டார்கள், பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயிலில் சொல்லலாம் என்று நினைத்தாள். கோயிலில் பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது, அவள் கடைசி வரிசையில் இருந்தாள். பூசை நீண்டது. ஃபாதர் மரணத்தைப் பற்றி நிறையச் சொன்னார். அவள் எதையும் கேட்கவில்லை. பிரகாஷை எப்படித் தனியாகப் பிடிப்பது, மூடியில் ஆணி அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் இருக்கும் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை எழுந்து நடுவழிவரை போனாள். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். அவள் மட்டும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பெண் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவளும் முழந்தாளிட்டாள்.

கல்லறையில் மூடியைத் திறந்து கடைசியாகப் பார்க்கவிட்டார்கள். வரிசை நகர்ந்தது. லூர்துபிரகாஷ் தலைமாட்டில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான். அவனுக்குப் புத்தகம் எது என்று பார்க்கும் நிலை இல்லை. ஜூலி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பப்பா, பப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுடர்விழியின் முறை வந்தது. கையில் துணிப்பை. பிரான்சுவாவின் முகம் சிறுத்து, யாரோ போல இருந்தது. புத்தகம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது.

"ஜூலி, அந்தப் புக்கு..." என்றாள்.

ஜூலி நிமிர்ந்தாள். "என்னக்கா?"

பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"அது சாஞ்சிருக்குது. நேரா வெக்கட்டா?"

ஜூலி தலையாட்டினாள். சுடர்விழி குனிந்து, புத்தகத்தை விரல்களுக்கிடையில் நிமிர்த்தி வைத்தாள். நறுக்கிய ஓரம் விரலில் பட்டது. சில்லென்றிருந்தது. பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார். நகர்ந்தாள்.

இதைத் தியாகம் என்றோ, பெரியவரின் ஆசைக்குக் கொடுத்த மரியாதை என்றோ சொன்னால் அழகாக இருக்கும். அது சரியாக இருக்காது. அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வையில், கேட்க வந்ததைக் கேட்க வாய் கூசியது, அவ்வளவுதான் நடந்தது. கூச்சம் எவ்வளவோ பேரைத் தவறு செய்யவைத்திருக்கிறது. சிலசமயம் அது இந்தப் பக்கமாகவும் தள்ளிவிடும். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டபோது அவளுக்கு நிம்மதி ஒன்றும் வரவில்லை. வழிப்பறியில் பறிகொடுத்தவர்களுக்கு இருக்கும் அதே ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். தான் போடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழி வெட்டியவர் மண்வெட்டியில் மண்ணை ஏந்தி அவளிடமும் நீட்டினார். எடுத்துப் போட்டாள்.

வாசலருகே லூர்துபிரகாஷ் வந்தான். கண் சிவந்திருந்தது. அவள் கையிலிருந்த பையைப் பார்த்து, ஆறுதல்போல, "குடுத்துட்டாளா அக்கா? நல்லது" என்றான். பையின் வாய் திறந்திருந்தது. சணல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் மாறியது.

"அக்கா. இது உங்க..."

"ம்."

"ஐயோ. எனக்குத் தெரியாதுக்கா. அவ புதுசா இருக்கறது அப்பாவுதுன்னு... எப்ப பாத்தீங்க நீங்க?"

"வூட்லயே."

"வூட்லயேவா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மாத்தி வெச்சிருப்பேனே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் சுடர்விழி. "கோயில் வரைக்கும் சொல்லணும்னுதான் இருந்தேன் பிரகாஷ்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கல்லறைக்குள்ளிருந்து ஜூலி அவனைக் கூப்பிட்டாள். மண்ணைச் சமன்செய்து, மேலே நடச் சிலுவை கொண்டுவந்திருந்தார்கள். பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"போ, அத பாரு" என்றாள் சுடர்விழி. சணலை உள்ளே தள்ளி, பையின் வாயை முடிந்தாள்.